அலைச்சறுக்குப் பலகைத் தொழிலின் வளர்ச்சி

ஒருவர் உடம்புக்கு அளவெடுத்துச் சட்டை தைப்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஒருவர் உடம்புக்கு மட்டுமன்றி, அவர் விளையாடும் கடலுக்கும் சேர்த்து அளவெடுத்துச் செய்யப்படும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் அலைச்சறுக்குப் பலகை. கரையை நோக்கிப் புரண்டு வரும் அலையின் முகப்பிலே, ஒரு பலகையின்மீது எழுந்து நின்று வழுக்கி வருவது ஹவாய்த் தீவு மக்களின் பழைய விளையாட்டு. அது கலிபோர்னியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பரவி, இன்று நமது கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பே வரையிலும் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பலகையை அளவுக்குச் செய்து கொடுக்கும் தொழில் எவ்வாறு வளர்ந்தது, வளரும்போது எவ்விடங்களில் இடறியது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அளவுக்குச் செய்யும் எந்தத் தொழிலுக்கும் ஒரு சிக்கல் உண்டு. தையற்காரரும் தட்டாரும் தச்சரும் அதனை நன்கு அறிவர். வேலை குறைவாக இருக்கும்போது ஒருவரே எல்லாவற்றையும் செய்து முடிக்கிறார். பெயர் பரவி வேலை பெருகும்போது அவருடைய இரண்டு கைகளும் போதா. பிறரைச் சேர்த்துக்கொண்டால், வாடிக்கையாளர் நாடி வந்த அந்தக் கைத்திறம் நிலைக்குமா என்ற ஐயம் எழுகிறது. எல்லோருக்கும் ஒரே அளவிலே செய்து குவித்தால், அளவுத்தொழில் என்ற சிறப்பே போய்விடுகிறது. தொழிலும் வளரவேண்டும், அளவும் கெடக்கூடாது என்றால் வழி என்ன? கலிபோர்னியாக் கரையின் பலகைப் பட்டறைகள் இந்தக் கேள்விக்குக் கண்ட விடைகள் நமக்கும் பயன்படுவன.

முதலில் அப்பலகையின் அமைப்பை அறிந்துகொள்வோம். பழைய பலகைகள் முழு மரத்தால் ஆனவை. செம்மரப் பலகைகளுள் 80 இறாத்தலுக்கு மேல் நிறையுள்ளவையும் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கண்ணாடியிழைத் துணியும், அதனை இறுகச் செய்யும் செயற்கைப் பிசினும் பொதுமக்கள் கைக்குக் கிடைத்தன. பாரமற்ற பால்சா மரத்தைச் சீவி, அதன்மேல் இத்துணியைப் போர்த்திப் பிசினைப் பூசி நீர் புகாமற் செய்தார்கள். பிற்காலத்தில் மரத்துக்குப் பதிலாக இரசாயன நுரை வந்தது. நுரையை விரலால் அழுத்தினாலே குழி விழும். கண்ணாடித் துணி தனியே நிற்காது, துவண்டு விழும். பிசின் தனியே இறுகினால் எளிதில் வெடிக்கும். மூன்றும் சேர்ந்தபோதோ ஒரு மனிதனின் பாரத்தையும் அலையின் அடியையும் ஒருங்கே தாங்குகின்றன.

இதன் காரணம் எளியது. பலகை வளையும்போது ஒரு பக்கத்து மேற்றோல் இழுபடுகிறது, மறுபக்கத்துத் தோல் நெருக்கப்படுகிறது. நடுவிலுள்ள நுரை அவ்விரண்டு தோல்களையும் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் விலக்கி வைத்திருக்கிறது. தோல்கள் விலகியிருக்கும் அளவுக்குப் பலகை விறைப்புப் பெறுகிறது. சரக்குகள் வரும் கடதாசி அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு மெல்லிய தாள்களுக்கிடையே நெளிந்த தாள் ஒன்று இருக்கும். அங்கே வேலை செய்வதும் இதே தத்துவமேயாகும். பல பொருள்களைச் சேர்த்து, அவற்றுள் எதற்கும் தனியே இல்லாத வலிமையைப் பெறும் இவ்வமைப்பைக் கூட்டுப்பொருள் என்கிறோம்.

இனி, தொழிலின் கதைக்கு வருவோம். 1933ஆம் ஆண்டில் பிறந்த ஹோபி ஓல்டர் என்னும் இளைஞர், 1950களின் தொடக்கத்தில், லகூனா பீச் என்னும் ஊரிலே தம் குடும்பத்தாரின் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் பால்சாப் பலகைகளைச் செய்யத் தொடங்கினார். கொட்டகை போதாமற் போகவே, 1954இல் டேனா பொயின்ற் என்னுமிடத்தில் நெடுஞ்சாலையோரமாகக் கடையும் பட்டறையும் அமைத்தார். தென் கலிபோர்னியாவில் இத்தொழிலுக்கென்றே எழுந்த முதற் கடைகளுள் அதுவும் ஒன்று. நண்பர்கள் கேட்டதற்காகச் செய்தவர், நெடுஞ்சாலையிலே போகும் அந்நியரும் வந்து கேட்கக்கூடிய இடத்துக்குத் தம் தொழிலை நகர்த்தினார்.

அவருக்கு வந்த முதல் இடர் மூலப்பொருளைப் பற்றியது. பால்சா மரம் தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டிலிருந்து வரவேண்டும். வந்த மரத்திலும் ஒரு துண்டு இலேசாகவும் மற்றொரு துண்டு பாரமாகவும் இருக்கும். தெரிந்தெடுத்து, ஒட்டி, சீவி முடிப்பதற்குள் காலமும் மரமும் வீணாகும். ஆகவே அவர், தம் பட்டறையில் கண்ணாடியிழை பூசும் வேலையைச் செய்த கோர்டன் கிளார்க் என்பவருடன் சேர்ந்து, பொலியூரிதேன் என்னும் நுரையை ஆராயத் தொடங்கினார். இரண்டு திரவங்களைக் கலந்து அச்சினுள் ஊற்றினால், அவை பொங்கி எழுந்து அச்சின் வடிவத்திலேயே இறுகும். சொல்வதற்கு இது எளிது. செய்கையில் கலவை சூடேறி அச்சைத் தள்ளும். உள்ளே காற்றுக்குமிழ்கள் தங்கும். ஒரு பக்கம் மென்மையாகவும் ஒரு பக்கம் கடினமாகவும் முடியும். பல முயற்சிகளின் பின்னர் 1958இல் நுரைப் பலகைகள் அவர்கள் பட்டறையிலிருந்து விற்பனைக்கு வந்தன. நுரைப் பலகையை முயன்றவர்கள் அவர்களுக்கு முன்னரும் இருந்தார்கள். ஆயினும் அதனை ஒழுங்கான தொழிலாக நிலைநாட்டியதில் இவ்விருவருக்கும் பெரும் பங்குண்டு.

அது காலத்தோடு வந்த மாற்றமாயிற்று. 1959இல் கிட்ஜெட் என்னும் திரைப்படம் வெளியாகி, அலைச்சறுக்கு விளையாட்டை அமெரிக்க இளைஞரிடையே பரப்பியது. கடலைக் காணாதவர்களும் பலகை கேட்டு வந்தார்கள். பால்சா மரத்தையே நம்பியிருந்தால் அவ்வளவு தேவையையும் நிறைவேற்றியிருக்க இயலாது.

தேவை பெருகவே வேலையைப் பிரிக்க வேண்டியதாயிற்று. இன்றும் நல்ல பட்டறைகளில் இப்பிரிவு காணப்படுகிறது. அச்சிலிருந்து வந்த நுரைக்கட்டையின் நடுவே, விறைப்புக்காக நீளவாக்கில் ஒரு மெல்லிய மரச்சட்டம் ஒட்டப்பட்டிருக்கும். வடிப்பவர் அதன்மேல் மாதிரித் தகட்டை வைத்து உருவத்தை வரைந்து வெட்டுகிறார். மின் சீவுளியாலும் அரத்தாலும் அரத்தாளாலும் தடிப்பையும் வளைவையும் விளிம்பையும் ஒழுங்கு செய்கிறார். அவருடைய அறையில் விளக்குகள் மேலே தொங்குவதில்லை. இரு பக்கச் சுவர்களிலும், பலகை கிடக்கும் உயரத்தை ஒட்டியே பொருத்தப்பட்டிருக்கும். பக்கவாட்டில் விழும் ஒளியிலே சிறு மேடும் பள்ளமும் நிழலாகத் தெரியும். கண் காணாததைக் கை காணும். கையும் தவறவிட்டதை அந்த நிழல் காட்டிக் கொடுக்கும்.

அடுத்து பூசுபவரின் வேலை. சதுர யாருக்கு 4 அல்லது 6 அவுன்சு நிறையுள்ள கண்ணாடித் துணியை விரித்து, பொலியெஸ்ரர்ப் பிசினை ஊற்றி, இரப்பர்த் தகட்டால் இழுத்துப் பரப்புகிறார். பிசினை இறுக வைக்கும் திரவத்தைச் சிறிதளவே சேர்க்கவேண்டும். கூடினால் பரப்பி முடியுமுன் இறுகிப்போகும். குறைந்தால் ஒட்டும் தன்மை நீங்காது. வெப்பநாளில் ஓர் அளவு, குளிர்நாளில் வேறோர் அளவு. பின்னர் நிரப்புப் பூச்சு, செட்டை பொருத்துதல், தேய்த்தல், மெருகிடுதல் என வேலைகள் தொடரும். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஆள், வெவ்வேறு திறமை.

இங்கேதான் புதிதாகத் தொழில் தொடங்குவோர் தடுமாறுவர். ஒரு பட்டறையில் வாரத்துக்கு 10 பலகைகளை வடிக்கலாம், ஆனால் 6 பலகைகளையே பூசி முடிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே செல்லும் பலகைகள் 6 மாத்திரமே. மேலும் ஒரு வடிப்பாளரைச் சேர்த்தால் வருமானம் கூடாது. முடியாத பலகைகள் சுவரோரமாகக் குவியும், அவற்றுக்கு வாங்கிய கட்டைக்கும் துணிக்கும் இட்ட பணம் முடங்கும். பிசின் இறுகுவதற்கு வேண்டிய நேரத்தை ஆட்களைக் கூட்டிக் குறைக்க முடியாது. ஆகவே, வேலை எந்த இடத்தில் தேங்குகிறது என்று கண்டு, அவ்விடத்தை விரிவாக்குவதே வளர்ச்சியின் முதற்படி. கட்டளை எடுக்கும்போதே முற்பணம் வாங்கும் வழக்கமும் இதனாலேயே ஏற்பட்டது. அளவுக்குச் செய்த பலகையை வாடிக்கையாளர் வாங்காது விட்டால், வேறொருவருக்கு அது பொருந்துமென்ற உறுதி இல்லை.

1961ஆம் ஆண்டில் கிளார்க் தனியே பிரிந்து, நுரைக்கட்டைகளை மட்டும் செய்யும் தொழிற்சாலையை அமைத்தார். இப்பிரிவினை தொழிலுக்கு ஒரு வரமாயிற்று. நுரை செய்வதற்கு அச்சும் இரசாயனமும் பெரும் மூலதனமும் வேண்டும். வடிப்பதற்கோ ஒரு கொட்டகையும் சில கருவிகளும் நல்ல கண்ணும் போதும். கட்டையை விலைக்கு வாங்கலாம் என்றானவுடன், சிறு மூலதனமுள்ள இளைஞர் பலர் பட்டறை தொடங்கினர். பற்பல நீளங்களிலும் வளைவுகளிலும் கட்டைகள் கிடைத்தமையால், வடிப்பவர் வேண்டிய உருவத்துக்கு அண்மையான கட்டையை எடுத்து, எஞ்சியதைத் தம் கையாலே சீவிக்கொண்டார். எல்லோருக்கும் பொதுவான பகுதி பெருந்தொழிற்சாலையிலும், ஆளுக்கு ஆள் வேறுபடும் பகுதி சிறு பட்டறையிலுமாக வேலை பகிரப்பட்டது.

பத்து ஆண்டுகள் செல்லுமுன் இத்தொழில் முதற் சோதனையைச் சந்தித்தது. 1960களின் நடுவிலே பலகைகள் ஒன்பது பத்து அடி நீளமுடையனவாக இருந்தன. 1967, 1968ஆம் ஆண்டுகளில், அவுஸ்திரேலிய வடிப்பாளர் முன்னின்ற ஒரு மாற்றத்தால், நீளம் விரைவாகக் குறைந்து ஏழடிக்கும் கீழே போயிற்று. நெடும்பலகைகளை முன்கூட்டியே செய்து கடைகளில் அடுக்கி வைத்திருந்த பெரிய நிறுவனங்கள் திகைத்தன. நேற்றுவரை செல்வமாக இருந்த இருப்பு, ஒரே பருவத்தில் விலைபோகாத சுமையாயிற்று. வீட்டுக் கொல்லையிலே ஒவ்வொன்றாகச் செய்த சிறு வடிப்பாளரோ அடுத்த நாளே புது உருவத்துக்கு மாறிக்கொண்டார். கட்டளையின்படி செய்பவருக்கு இலாபம் குறைவாயினும், காலம் மாறும்போது அவர் கையில் பழைய சரக்கு இல்லை. அளவுத்தொழிலின் பலவீனம் என்று நாம் எண்ணுவதே அதற்குப் பாதுகாப்பாகவும் அமைகிறது.

அந்நாளில் ஹோபி ஓல்டர் வேறொரு வழியிலும் சென்றார். பலகையிலே கற்ற நுரை, கண்ணாடியிழை வேலையைப் பாய்மரப் படகுக்குப் பயன்படுத்தி, கரையிலிருந்தே இலகுவாகத் தள்ளி இறக்கக்கூடிய சிறிய இரட்டையுடற் படகை 1968இல் வெளியிட்டார். அதனை உலகம் கற்றமரான் என்று அழைக்கிறது. நமது கரையோர மக்களின் கட்டுமரம் என்ற சொல்லே அவ்வாறு உருமாறி அங்கே சென்றிருக்கிறது. பொருள் மாறினாலும் கற்ற வித்தை கைவிடாது என்பதற்கு அவர் தொழில் ஓர் எடுத்துக்காட்டு. அவர் 2014ஆம் ஆண்டில் காலமானார்.

இனி, இக்கதையின் கடுமையான பகுதியைச் சொல்ல வேண்டும். கிளார்க்கின் தொழிற்சாலை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நல்ல கட்டைகளைத் தவறாமல் வழங்கி வந்தது. அமெரிக்காவில் வடிக்கப்பட்ட பலகைகளுள் பத்தில் ஒன்பது பங்குக்கு அங்கிருந்தே கட்டை வந்ததாகப் பத்திரிகைகள் மதிப்பிட்டன. தரம் நன்று, விலை மலிவு, கேட்ட அளவு கிடைக்கும். அப்படியிருக்க வேறொருவரை ஏன் தேடவேண்டும்? 2005ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் திகதி, ஒரு திங்கட்கிழமை, வாடிக்கையாளருக்குத் தொலைநகல் மூலம் ஒரு நீண்ட கடிதம் வந்தது. தொழிற்சாலை உடனே மூடப்படுகிறது என்பதே அதன் செய்தி. நுரைக்குப் பயன்பட்ட தொலுயீன் டைஐசோசயனேற்று என்னும் நச்சுப்பொருள், சுற்றாடல் விதிகள், தொழிலாளர் தொடர்பான பொறுப்புகள் முதலியவற்றை அவர் காரணங்களாகக் காட்டினார். அச்சுகளும் அழிக்கப்பட்டன. அந்த நாளை அத்தொழிலில் உள்ளோர் இன்றும் கட்டைத் திங்கள் என்னும் பொருள்படும் பெயரால் நினைவுகூர்கின்றனர்.

அடுத்த நாட்களில் இருந்த கட்டைகளின் விலை ஏறிற்று. வாங்கிப் பதுக்கியவர்களும் உண்டு. முற்பணம் வாங்கிய வடிப்பாளர், பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட பலகையைப் புதிய விலைக் கட்டையிலே செய்து கொடுக்க வேண்டிய நிலைக்கு ஆளானார். வாரக்கூலியை நம்பிய பூச்சுக்காரருக்கும் தேய்ப்பவருக்கும் வேலை நின்றது. அவர்களுள் எவரும் தம் தொழிலிலே குறைவைத்தவரல்லர். கைத்திறமும் வாடிக்கையும் நற்பெயரும் இருந்தும், ஒரேயொரு வாயிலை நம்பி நின்றமையால், அவ்வாயில் அடைபட்டபோது உள்ளே அகப்பட்டுக்கொண்டார்கள்.

ஆயினும் தொழில் அழிந்துவிடவில்லை. வெளிநாடுகளிலிருந்து கட்டைகள் வந்தன. அமெரிக்காவிலேயே புதிய நுரைத் தொழிற்சாலைகள் எழுந்தன. பொலிஸ்ரைரீன் நுரையில் எப்பொட்சிப் பிசின் பூசும் முறை முன்னிலும் அதிகமாகக் கையாளப்பட்டது. பொலியெஸ்ரர்ப் பிசினைப் பொலிஸ்ரைரீனிற் பூசினால் நுரை கரைந்துபோகும். ஆகையால் பழைய பூச்சுக்காரரும் புதிய பிசினின் கலப்பளவையும் இறுகும் காலத்தையும் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியதாயிற்று. தாய்லாந்து போன்ற நாடுகளில் அச்சிலே வார்த்துச் செய்யப்படும் ஒரேயளவுப் பலகைகளும் சந்தைக்கு வந்து போட்டியிட்டன.

உயிரைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றும் இக்கதையில் அடங்கியிருக்கிறது. நுரை செய்யும் இடத்தில் ஐசோசயனேற்று ஆவி மூச்சுக்குழலைத் தாக்கி, ஈளை நோயை உண்டாக்கவல்லது. பொலியெஸ்ரர்ப் பிசினிலிருந்து ஸ்ரைரீன் ஆவி எழும். எப்பொட்சி தோலிற் பட்டுப் பட்டு ஒவ்வாமையைத் தரும். சீவும்போது எழும் தூசி நுரையீரலில் தங்கும். ஒருவர் வீட்டுக் கொட்டகையில் எப்போதாவது ஒரு பலகை செய்யும்போது சிறிதாகத் தோன்றும் இத்தீமை, பத்துப்பேர் நாள்தோறும் வேலை செய்யும் பட்டறையிலே பெருந்தீமையாகும். காற்றை வெளியேற்றும் விசிறியும், தகுந்த முகக்கவசமும், கையுறையும், தனித்தனி அறைகளும் இலாபம் வந்தபின் வாங்கும் அலங்காரங்கள் அல்ல. அவற்றின் செலவையும் முதற் பலகையின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும். அவ்வாறு கணக்கிட்டபின் இலாபம் தராத தொழில், உண்மையில் தொழிலாளியின் நெஞ்சைத் தின்று வாழும் தொழிலாகும்.

இன்று கணினியின் கட்டளைப்படி நுரையைச் சீவும் இயந்திரமும் பல பட்டறைகளிற் புகுந்திருக்கிறது. வடிப்பவர் திரையிலே உருவத்தை அமைக்கிறார். இயந்திரம் பெரும்பகுதியைச் சீவித் தருகிறது. அது விட்டுச் செல்லும் வரிகளை மனிதக் கை தேய்த்து ஒழுங்காக்குகிறது. இதனால் அளவுத்தொழில் ஒழியவில்லை. ஒருவருக்குப் பிடித்த பலகை முறிந்துபோனால், அதே உருவத்தைத் திரும்பச் செய்யவும், கால் அங்குலம் மட்டும் மாற்றிச் செய்யவும் இயலுகிறது. ஆனால் சீவுளியை ஒருபோதும் பிடித்தறியாதவர் திரையிற் கண்ட கோட்டை மட்டும் நம்பினால், அந்தக் கோடு தண்ணீரிலே என்ன செய்யும் என்பதை அறியமாட்டார். இயந்திரத்தை வாங்கும் பட்டறை, கைவேலை பழக்கும் ஆசானையும் வைத்துக்கொள்ளுதல் நன்று.

நமது நாட்டு இளைஞர் சிலருக்கு இத்தொழிலில் நாட்டம் பிறக்கக்கூடும். கண்ணாடியிழை வேலை நமக்கு அந்நியமானதன்று. நம் கடற்றொழிலாளர் பலர் இன்று கண்ணாடியிழைப் படகிலேயே கடலுக்குச் செல்கின்றனர். காரைநகரிலே சீநோர் படகுத்துறை அத்தகைய படகுகளைக் கட்டிய வரலாறும் நமக்குண்டு. அறுகம்பேயிலும் தென்கரையின் வெலிகமை போன்ற இடங்களிலும் அலையேறுவோரின் பலகைகள் பாறையிலும் மணலிலும் அடிபட்டு உடைகின்றன. உடைந்ததைச் செப்பமிடுவது சிறு மூலதனத்தோடு தொடங்கக்கூடிய வேலை. நூறு பலகைகளைச் செப்பமிட்டவர், பலகை எவ்விடத்தில் முறிகிறது, ஏன் முறிகிறது என்பதைப் புத்தகம் இன்றியே கற்றுக்கொள்வார். அதன் பின்னரே புதுப்பலகைக்குக் கட்டளை ஏற்பது பொருத்தம்.

அவ்வாறு ஏற்கும்போது ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும். வாங்குபவரின் நிறை, உயரம், பழக்கம், அவர் செல்லும் கடலின் அலை, செய்து கொடுத்த பலகையின் நீளம், அகலம், தடிப்பு, ஆறு மாதங்களின் பின் அவர் சொன்ன குறைநிறை ஆகியவற்றை அதிலே எழுதி வரட்டும். கட்டையைப் பிறரிடம் வாங்கலாம். ஓரிடத்தில் மட்டுமன்றி ஈரிடங்களில் வாங்கும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ளலாம். பூச்சு வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். சீவுவதற்கு இயந்திரத்தை அமர்த்தலாம். வாங்குபவரை நேரிற் கண்டு அவருடைய அளவை அறிந்துகொள்ளும் வேலையை மட்டும் எவரிடமும் விட்டுவிடலாகாது. கைமாறக்கூடியது எது, கைமாறக்கூடாதது எது என்று தெளிந்து பிரித்தவரிடத்தில் அளவுத்தொழில் வளரும். வளர்ந்த பின்னரும் அளவுத்தொழிலாகவே நிலைக்கும்.